உலகப் போர் ஏன் வந்தது?

"அவன் சரியான எம்டன்!" என்று சிலரைப் பற்றிச் சொல்வார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள். கெட்டிக்காரன், லேசில் அகப்படாதவன் என்று அதற்குப் பொருள். இந்தச் சொல் தமிழுக்கு எப்படி வந்தது தெரியுமா?

எம்டன் என்பது ஒரு கப்பலின் பெயர். அது ஜெர்மனி நாட்டின் போர்க்கப்பல். 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி இரவு அது சென்னைக்கு வந்தது. கரையில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கடலில் நின்றபடியே எம்டன் குண்டுகளை வீசியது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. சிலர் உயிர் இழந்தனர். சிறிது நேரத்தில் கப்பல் இருட்டில் மறைந்துவிட்டது. சென்னை மக்கள் நடுங்கிப் போனார்கள். ஆயிரக்கணக்கான பேர் மூட்டை முடிச்சுகளோடு ஊரை விட்டுக் கிளம்பினார்கள். அதன் பிறகு நவம்பர் 9ஆம் தேதிதான் ஆஸ்திரேலியக் கப்பல் ஒன்று எம்டனை அடித்து நொறுக்கியது.

ஜெர்மனிக்கும் சென்னைக்கும் என்ன பகை? ஒரு பகையும் இல்லை. அப்போது இந்தியாவை ஆங்கிலேயர் ஆண்டுகொண்டிருந்தனர். ஜெர்மனியின் சண்டை அவர்களோடுதான். அடி மட்டும் நமக்கும் விழுந்தது.

அந்தச் சண்டைதான் முதல் உலகப் போர். 1914இல் தொடங்கி 1918இல் முடிந்தது. அது ஏன் வந்தது என்று பார்ப்போம்.

பெரிய நாடுகளின் போட்டி

அப்போது உலகில் பெரிய நாடு இங்கிலாந்து. பூமியில் ஏறக்குறைய கால் பங்கு அதன் கையில் இருந்தது. அதன் கப்பல் படைதான் மிகப் பெரியது.

ஜெர்மனி புதிதாக வளர்ந்த நாடு. பல சிறு அரசுகள் சேர்ந்து 1871இல்தான் அது ஒரே நாடானது. அங்கே தொழிற்சாலைகள் பெருகின. இரும்பும் எஃகும் மலைபோல் உற்பத்தி ஆயின. 'எங்களுக்கும் குடியேற்ற நாடுகள் வேண்டும். பெரிய கப்பல் படை வேண்டும்' என்று ஜெர்மனி கேட்டது. இங்கிலாந்து 1906இல் டிரெட்நாட் என்ற பெரிய போர்க்கப்பலைக் கட்டியது. ஜெர்மனியும் அதுபோலக் கட்டியது. ஒருவர் கட்டக் கட்ட, மற்றவரும் கட்டினார். இரு பக்கமும் மக்களின் வரிப்பணம் கடலில் மிதந்தது.

பிரான்சுக்கு வேறு கோபம். 1870-71இல் நடந்த சண்டையில் அதன் எல்லைப் பகுதியை ஜெர்மனி பிடுங்கிக்கொண்டது. அந்த வடு ஆறவில்லை.

ஒவ்வொரு நாடும் பயந்தது. பயந்த நாடுகள் கூட்டாளிகளைத் தேடின. ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி ஒரு பக்கம் சேர்ந்தன. பிரான்சும் ரஷ்யாவும் மறு பக்கம் சேர்ந்தன. இங்கிலாந்து அவர்களோடு நட்பு கொண்டது. 'ஒருவரை அடித்தால் மற்றவர் உதவிக்கு வருவோம்' என்பது பேச்சு. பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடுதான் இது. ஆனால் ஒரே கயிற்றில் கட்டிய மாடுகளில் ஒன்று மிரண்டால் என்ன ஆகும்? எல்லாம் இழுபடும். (இத்தாலி மட்டும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு 1915இல் மறு பக்கம் போய்விட்டது.)

இரண்டு குண்டுகள்

1914ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் தேதி. சரயேவோ என்ற ஊர். அந்தப் பகுதியை ஆஸ்திரியா 1908இல் தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்தது. அங்கே வாழ்ந்த செர்பிய மக்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆஸ்திரியாவின் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் ஃபெர்டினாண்டு அந்த ஊருக்கு வந்தார். அவருடைய மனைவி சோபியும் உடன் வந்தார். காலையில் ஒருவன் அவர்கள்மீது வெடிகுண்டு வீசினான். அவர்கள் தப்பிவிட்டார்கள். பிறகு அவர்களின் கார் தவறான தெருவில் திரும்பி நின்றது. அங்கே காவ்ரிலோ பிரின்சிப் என்ற 19 வயது இளைஞன் நின்றிருந்தான். துப்பாக்கியை எடுத்துச் சுட்டான். கணவன், மனைவி இருவரும் இறந்தார்கள்.

இதனால்தான் உலகப் போர் வந்தது என்று பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். வைக்கோல் போர் காய்ந்து கிடந்தது. தீக்குச்சி விழுந்தது. குச்சியை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்?

செர்பியாவைத் தண்டிக்க ஆஸ்திரியா நினைத்தது. ஜெர்மனி 'நாங்கள் இருக்கிறோம்' என்று தைரியம் சொன்னது. ஜூலை 28ஆம் தேதி ஆஸ்திரியா போர் அறிவித்தது. செர்பியாவுக்குத் துணையாக ரஷ்யா படை திரட்டியது.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் படைகள் ரயிலில் போயின. எந்த ரயில், எந்த நாள், எத்தனை பேர் என்று தளபதிகள் முன்பே திட்டம் போட்டு வைத்திருந்தார்கள். ரஷ்யா மிகப் பெரிய நாடு. படை திரட்ட நாளாகும். அதற்குள் பிரான்சை வென்றுவிட வேண்டும் என்பது ஜெர்மனியின் திட்டம். ஒரு நாள் தாமதித்தாலும் தோற்போம் என்று தளபதிகள் சொன்னார்கள். உட்கார்ந்து பேச நேரமே இல்லாமல் போனது. ஆகஸ்டு 1இல் ரஷ்யாமீதும், 3இல் பிரான்சுமீதும் ஜெர்மனி போர் அறிவித்தது. பிரான்சுக்குப் போகும் வழியில் பெல்ஜியம் இருந்தது. அது யாரோடும் சேராத சிறிய நாடு. ஆகஸ்டு 4ஆம் தேதி ஜெர்மன் படை அதற்குள் புகுந்தது. அன்றே இங்கிலாந்தும் போரில் இறங்கியது. ஒரே வாரத்தில் எல்லாம் முடிந்தது.

இந்தியாவும் போரில் சேர்ந்தது. அதுபற்றி நம் மக்களை யாரும் கேட்கவில்லை.

பள்ளத்தில் வாழ்ந்தவர்கள்

கிறிஸ்துமஸ் பண்டிகைக்குள் வீடு திரும்பிவிடலாம் என்று பல வீரர்கள் நினைத்தார்கள். நான்கு ஆண்டுகள் ஆயின. இரு படைகளும் எதிர் எதிரே நீண்ட பள்ளங்களைத் தோண்டின. வீரர்கள் அதற்குள்ளேயே வாழ்ந்தார்கள். சேறு, எலி, பேன், குளிர். நடுவில் முள்கம்பி வேலி. தலையைத் தூக்கினால் குண்டு பாயும். 1915இல் ஜெர்மனி விஷவாயுவை விட்டது. அது என்ன வாயு தெரியுமா? குளோரின். குடிநீரைச் சுத்தம் செய்ய நாம் பயன்படுத்தும் அதே குளோரின்தான். பிறகு மற்ற நாடுகளும் விஷவாயுவை விட்டன. 1916ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி பிரான்சில் சோம் ஆற்றுப் பக்கம் போர் நடந்தது. அந்த ஒரே நாளில் இங்கிலாந்துப் படையில் 19,240 பேர் இறந்தார்கள்.

இந்தியாவிலிருந்து 10 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கடல் கடந்து போனார்கள். பிரான்ஸ், ஈராக், பாலஸ்தீனம், கிழக்கு ஆப்பிரிக்கா என்று பல இடங்களில் இருந்தார்கள். பெரும்பாலும் கிராமத்து ஏழை விவசாயிகளின் பிள்ளைகள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுதத் தெரிந்த ஒருவரிடம் சொல்லித்தான் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். ஊரில் இருந்த மனைவியோ தாயோ அதைப் படிக்க இன்னொருவரைத் தேடிப் போக வேண்டும். மனத்தில் இருப்பதையெல்லாம் இப்படிச் சொல்ல முடியுமா? போதாததற்கு, ஆங்கில அதிகாரிகள் கடிதங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். போர்முனையின் கொடுமை ஊருக்குத் தெரியக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். வீரர்களும் சளைக்கவில்லை. ஒருவர் கறுப்பு மிளகு தீர்ந்துவிட்டது என்று எழுதினார். இந்திய வீரர்களைத்தான் அப்படிச் சொன்னார். சிவப்பு மிளகு என்றால் வெள்ளைக்கார வீரர்கள்! ஆனால் அதிகாரிகள் இதையும் கண்டுபிடித்துவிட்டார்கள். பிரித்துப் பார்த்து நகல் எடுத்து வைத்ததால்தான் அந்தக் கடிதங்களில் பல இன்றும் லண்டனில் இருக்கின்றன.

போனவர்களில் சுமார் 74 ஆயிரம் பேர் திரும்பி வரவில்லை. டெல்லியில் உள்ள இந்தியா கேட் அவர்களின் நினைவாகக் கட்டப்பட்டதுதான். சில கிராமங்களிலும் 'இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள்' என்று கல்லில் பொறித்திருக்கிறார்கள்.

போருக்குப் பின்

1918ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் தேதி காலை 11 மணிக்குச் சண்டை நின்றது. ஜெர்மனி தோற்றது. எல்லா நாடுகளிலும் சேர்த்து ஏறக்குறைய 90 லட்சம் வீரர்கள் இறந்திருந்தார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, ரஷ்யா, துருக்கி ஆகிய நான்கு பேரரசுகள் சரிந்தன.

நம் நாட்டில் என்ன நடந்தது? போர்ச் செலவுக்காக 10 கோடி பவுண்டு பணம் இந்தியாவின் கணக்கிலிருந்து போனது. வரி கூடியது. தானியம், துணி, மண்ணெண்ணெய் எல்லாம் விலை ஏறின. 1918 ஜூன் மாதம் பம்பாய்த் துறைமுகத்தில் ஒரு காய்ச்சல் பரவத் தொடங்கியது. போர்முனையிலிருந்து வந்த கப்பல்களில் அது வந்தது என்கிறார்கள். ரயிலில் ஏறி ஊர் ஊராகப் போனது. அந்தக் காய்ச்சலால் இந்தியாவில் ஒரு கோடிக்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். போரில் செத்தவர்களோடு இந்தக் கணக்கை ஒப்பிட்டுப் பாருங்கள்.

போரில் உதவினால் சுயாட்சி கிடைக்கும் என்று நம் தலைவர்களில் பலர் நம்பியிருந்தார்கள். கிடைத்தது ரௌலட் சட்டம். விசாரணை இல்லாமலே சிறையில் அடைக்கும் சட்டம் அது. 1919 ஏப்ரல் 13ஆம் தேதி அமிர்தசரசில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது. போருக்கு மிக அதிகமான வீரர்களைக் கொடுத்த பஞ்சாபில்தான் அது நடந்தது.

ஐரோப்பாவில் 1919ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் தேதி வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது. போர் வந்ததற்கு ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும்தான் பொறுப்பு என்று அதில் எழுதினார்கள். ஜெர்மனி பெரும் தொகை இழப்பீடு கட்ட வேண்டும் என்றார்கள். அங்கே பணத்தின் மதிப்பு சரிந்தது. 1923இல் ஒரு ரொட்டி வாங்கக் கட்டுக் கட்டாக நோட்டு வேண்டியிருந்தது. பிறகு வேலை இல்லாத் திண்டாட்டம் வந்தது. 'நம்மை அவமானப்படுத்திவிட்டார்கள், பழி வாங்குவோம்' என்று ஹிட்லர் மேடை மேடையாகப் பேசினார். பசியில் இருந்தவர்களின் காதில் அது ஏறியது. 1939ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி ஜெர்மன் படை போலந்துக்குள் புகுந்தது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியது.

அந்தப் பழைய இழப்பீட்டைக் கட்டுவதற்காக ஜெர்மனி வெளிநாடுகளில் கடன் வாங்கியிருந்தது. நடுவில் பல ஆண்டுகள் கட்டாமல் நின்றுபோனது. பாக்கி வட்டியின் கடைசித் தவணையை 2010ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதிதான் கட்டி முடித்தது. அப்போது போர் நின்று 92 ஆண்டுகள் ஆகப் போயின.