அகம் புறமாகும் காலம்

வாழ்வை அகம் என்றும் புறம் என்றும் இரண்டாகப் பகுத்தனர் நம் முன்னோர். அகம் காதலைப் பற்றியது, புறம் வீரத்தைப் பற்றியது என்று பள்ளிப் பருவத்திலேயே படித்துவிட்டோம். ஆயினும் அப்பகுப்பினுள் ஒரு நுட்பம் உண்டு. அகப்பாட்டில் வரும் தலைவனையும் தலைவியையும் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. எத்துணை நெருக்கமான செய்தியையும் பாடலாம். அது இன்னாருடைய செய்தி என்பதை மட்டும் காட்டக் கூடாது. காட்டினால் அது புறமாகிவிடும்.

பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடை இதற்கு நல்ல சான்று. போருக்குச் சென்ற கணவனை நினைந்து வருந்தும் அரசியைப் பாடும் பாட்டு அது. பாண்டியன் பெயர் அதில் எங்கும் இல்லை. பாசறையில் ஒரு வேலின் தலையில் வேம்பு கட்டப்பட்டிருந்தது என்று மட்டும் வருகிறது. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளம். அந்த ஒரு குறிப்பினால் தலைவன் யார் என்பது விளங்கிவிடுவதால் இப்பாட்டு புறமே என்று உரை கண்டார் நச்சினார்க்கினியர்.

பெயர்கூட வேண்டாம், ஒரு வேப்பந்தழை போதும். முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் நாள்தோறும் நம்மைப் பற்றி எழுதியும் படம் எடுத்துப் போட்டும் வரும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய கருத்து இது.

நாம் கட்டும் வேப்பந்தழைகள்

நான் குடியிருப்பது ராஜா அண்ணாமலைபுரத்தில். அண்டை அயலாரும் உடன் பயில்வோரும் ஒரு வாரத்தில் என் கைப்பேசிக்கு அனுப்பியவற்றை ஒருநாள் வரிசைப்படுத்திப் பார்த்தேன். புது வண்டிக்குப் பூசை போட்ட படம். அதில் வண்டி எண்ணும், பின்னால் தெருப் பலகையும் தெளிவாகத் தெரிந்தன. குடும்பத்தோடு ஊருக்குப் புறப்படும் படம். வீடு எத்தனை நாள் பூட்டிக் கிடக்கும் என்ற செய்தியும் உடன் வந்தது. பருவத் தேர்வு ஹால் டிக்கெட்; அதில் பதிவெண், பிறந்த தேதி, கையொப்பம் மூன்றும் இருந்தன. பிறந்தநாள் வாழ்த்துகளுக்கோ கணக்கில்லை. வயதையும் சேர்த்தே எழுதியிருந்தார்கள்.

இவற்றில் தனித்தனியே எதுவும் பெரிய மறைபொருள் அன்று. சேர்த்துப் பார்க்கும்போதுதான் இடர் புலனாகும். இணையத்திலிருந்து இறக்கும் ஆதார் கோப்பின் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டுமே. மின்னணு பான் அட்டைக் கோப்பைத் திறக்கும் சொல், பிறந்த தேதியே. நாம் வாழ்த்துச் செய்தி என்று எண்ணுவது பிறருக்குச் சாவியாகலாம்.

2018 ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவராக இருந்த ஆர். எஸ். சர்மா, தம் ஆதார் எண்ணை டுவிட்டரில் வெளியிட்டு, இதனால் எனக்கு என்ன தீங்கு செய்ய முடியும் என்று அறைகூவினார். சில மணி நேரத்திற்குள் அவருடைய கைப்பேசி எண், முகவரி, பிறந்த தேதி முதலியவற்றைப் பலரும் எடுத்துக் காட்டினர். அவை ஆதார் கிடங்கிலிருந்து கசிந்தவை அல்ல, இணையத்தில் ஏற்கெனவே கிடந்தவையே என்று ஆதார் ஆணையம் விளக்கியது. கூடவே, ஆதார் எண்ணைப் பொதுவெளியில் எவரும் வெளியிட வேண்டாம் என்றும் அறிவுறுத்தியது. சிதறிக் கிடப்பனவற்றைக் கோத்தெடுப்பது எத்துணை எளிது என்பதற்கு அந்த விளக்கமே சான்று.

என்னுடையது மட்டுமா?

என் செய்தியை நான் வெளியிடுகிறேன், பிறர்க்கென்ன என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. 2018-இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் அனலிடிகா விவகாரத்தில் முகநூல் நிறுவனமே தந்த கணக்கு இதற்கு விடையாகும். குறிப்பிட்ட ஒரு செயலியை இந்தியாவில் நிறுவியவர்கள் 335 பேர். அதனால் பாதிக்கப்பட்டிருக்கக் கூடியவர்களோ 5,62,455 பேர். செயலியை நிறுவியவர்களுடைய நண்பர்களின் விவரங்களும் வலையில் சிக்கின. ஒருவர் கதவைத் திறந்தால் தெருவே திறந்துகொள்ளும் என்பது இதன் பொருள்.

அம்பலும் அலரும்

நாம் நம்மைப் பற்றிச் சொல்வது ஒரு பாதி. பிறரைப் பற்றி நாம் பரப்புவது மறு பாதி. ஊரார் சிலர் தமக்குள் முணுமுணுப்பதை அம்பல் என்றும், அது பலரறிய விரிவதை அலர் என்றும் சங்கச் சான்றோர் பிரித்துக் கூறினர். அரும்பு அம்பல், மலர் அலர். இன்று அரும்பு மலராவதற்கு ஒரு விரலசைவு போதும்.

எங்கள் பகுதியிலிருந்து அடையாற்றைக் கடந்து சற்றுத் தொலைவு சென்றால் கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகம். 2024 டிசம்பர் 23 அன்று அவ்வளாகத்தில் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். துணிந்து புகார் கொடுத்தார். முதல் தகவல் அறிக்கைகளை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், பாலியல் குற்றம் போன்ற வழக்குகளுக்கு விலக்கும் அளித்திருந்தது. ஆயினும் அம்மாணவியின் அடையாளம் தாங்கிய அறிக்கை இணையத்தில் வெளியாயிற்று. தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் தரப்பட்டது. ஆனால், அதைக் கைப்பேசிக்குக் கைப்பேசி பரப்பியது எந்தக் கோளாறு? பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது, பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவின்படி ஈராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதைப் பரப்பியோர் எண்ணியதாகத் தெரியவில்லை.

டிசம்பர் 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அம்மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க அரசுக்கு ஆணையிட்டது. அவரிடம் கட்டணம் பெறாமல் படிப்பைத் தொடரச் செய்யுமாறு பல்கலைக்கழகத்திற்கும் கூறியது. இரண்டாவது ஆணையை நான் பெரிதாகக் கருதுகிறேன். அலர் எழுந்தால் தலைவியை வீட்டில் அடைத்துவைப்பதை இற்செறிப்பு என்கின்றன அகப்பாடல்கள். பேசியவர்கள் வெளியே திரிய, பேசப்பட்டவள் உள்ளே அடைபடுவாள். இன்றும் ஒரு பெண்ணின் படம் பரவினால் முதலில் நிறுத்தப்படுவது அவளுடைய படிப்பே. அவள் கல்லூரிக்குத் திரும்பி வருவதும் வராததும் நீதிமன்றத்தை மட்டும் பொறுத்ததன்று. உடன் பயிலும் நம்மையும் பொறுத்தது.

சட்டத்தின் எல்லை

தனிமையுரிமை பற்றிய சட்ட வரலாற்றில் சென்னைக்கு ஓர் இடம் உண்டு. சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முற்பட்டதால் எழுந்த வழக்கில், தன்னைத் தனியே விட்டுவிடுமாறு கோரும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவில் அடங்கியது என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அது அடிப்படை உரிமையே என்று ஒருமனதாக உறுதி செய்தது. 2023-இல் தனிநபர் தரவுகளைக் காப்பதற்கென்றே நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின.

ஆனால் அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவை ஊன்றிப் படிக்க வேண்டும். ஒருவர் தாமே பொதுவெளியில் வைத்த தரவுகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்கிறது அது. சமூக ஊடகத்தில் தம் கருத்துகளை எழுதும்போது தம் விவரங்களையும் வெளியிட்ட ஒருவரையே அதற்கு எடுத்துக்காட்டாகவும் தருகிறது. நாமே புறமாக்கியதை இச்சட்டம் அகமாக்கித் தராது.

நாம் செய்யத்தக்கன

இதனால் எதையும் எவரிடமும் சொல்லாதிருப்பதே நன்று என்று நான் கூறவில்லை. 2015 டிசம்பர் பெருவெள்ளத்தில் அடையாறு கரை புரண்டபோது, முகவரியையும் கைப்பேசி எண்ணையும் சமூக ஊடகங்களில் வெளியிட்டதால் உதவி பெற்றோர் பலர். அங்கே தேவை இருந்தது, பயன் இருந்தது. யாருக்கு, எதற்காக, எவ்வளவு என்ற மூன்று வினாக்களைக் கேட்டு விடை கிடைத்தால் தாராளமாகச் சொல்லலாம்.

பயணப் படங்களை வீடு திரும்பியபின் வெளியிடலாம். ஆதார் நகல் கேட்குமிடத்தில், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் நகல் போதுமா என்று கேட்கலாம். பலர் சேர்ந்திருக்கும் படத்தை வெளியிடுமுன் அவர்களுடைய இசைவைப் பெறலாம். பிறருக்கு இழிவு தரும் படமோ செய்தியோ வந்தால் நம்மோடு நிறுத்திவிடலாம். பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்கலாம். படமோ பெயரோ தவறாகப் பயன்படுத்தப்பட்டால் சைபர் குற்றப் பிரிவில் தயங்காமல் புகார் கொடுக்கலாம்.

புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், அதனை அடுத்தே பயனில சொல்லாமையை வைத்தார். முன்னது பிறரைக் காக்கும். பின்னது நம்மையும் காக்கும். எது அகம், எது புறம் என்று பிரித்தறியக் கற்றுத்தந்த மொழிக்கு உரியவர் நாம். அவ்வறிவை ஏட்டோடு விட்டுவிடாமல், கைப்பேசியைத் தொடும் விரலுக்கும் கற்றுக் கொடுப்போமாக!