கன்றின் குடலைப் பற்றிக்கொள்ளும் கிருமி: சீம்பாலை நான்கு நாளும் ஏன் கொடுக்க வேண்டும்?

பிறந்த அன்று துள்ளி எழுந்து மடி தேடிய கன்று, மூன்றாம் நாள் காலையில் வாலெல்லாம் நனைந்து கிடக்கிறது. தண்ணீர் போலவோ வெளிர் மஞ்சளாகவோ கழிகிறது. மாலைக்குள் கண் குழி விழுந்து, காது சில்லிட்டு, மறுநாள் பொழுது விடிவதற்குள் முடிந்துவிடுகிறது. கிடேரிக் கன்றாக இருந்தால் அந்த வீட்டில் இரண்டரை வருடத்துக்குப் பிறகு வரவேண்டிய கறவையும் அதோடு போனது. "பால் அதிகமாகக் குடித்துவிட்டது, செரிக்கவில்லை" என்று சொல்லி விட்டுவிடுகிறவர்கள் இன்றும் அதிகம்.

முதல் நான்கு நாட்களில் வரும் இத்தகைய கழிச்சலுக்கு முக்கியக் காரணம் ஈ.கோலி என்ற பாக்டீரியாவின் ஒரு வகை. ஈ.கோலி என்றாலே கெட்டது என்று நினைக்க வேண்டாம். மாடு, ஆடு, மனிதர் எல்லோருடைய குடலிலும் அது சாதுவாகக் குடியிருக்கிறது. கன்றைக் கொல்லும் வகைக்கும் சாதுவான வகைக்கும் உள்ள பெரிய வேறுபாடு, அதன் உடம்பின் மேற்பரப்பில் இருக்கிறது.

குடல் என்பது ஓடும் வாய்க்கால். குடித்த பாலும் நீரும் குடல் தசையின் அசைவால் ஓயாமல் கீழ் நோக்கித் தள்ளப்படுகின்றன. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு நீளமே உள்ள ஒரு கிருமி, பிடிமானம் இல்லாவிட்டால் சாணத்தோடு வெளியே போய்விடும். அதனால் இந்த நோய்க்கிருமி தன் உடம்பெங்கும் புரதத்தால் ஆன மெல்லிய மயிர் போன்ற இழைகளை வளர்த்துக்கொள்கிறது. கன்றுகளைத் தாக்கும் வகையில் உள்ள இழைக்கு 'கே99' என்று பெயர். 'எஃப்5' என்றும் சொல்வார்கள். சிறுகுடலின் உட்சுவர் செல்களில் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த சில மூலக்கூறுகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பூட்டில் சாவி பொருந்துவது போல அவற்றில் கே99 இழை பொருந்திக்கொள்கிறது.

வெளியே குளிர்ந்த இடத்தில், 18 டிகிரி வெப்பத்தில் வளரும்போது இந்தக் கிருமி இழைகளை உருவாக்குவதில்லை. உடல் சூடு கிடைத்த பிறகே அவை முளைக்கின்றன. வயல் வேலை இல்லாத நாளில் யாரும் மண்வெட்டியைத் தோளில் சுமப்பதில்லை. கிருமிக்கும் அந்தக் கணக்குத் தெரிந்திருக்கிறது.

பிடித்துக்கொண்ட இடத்தில் அது பெருகி, ஒரு நஞ்சைச் சுரக்கிறது. கொதிக்க வைத்தாலும் எளிதில் கெடாத நஞ்சு அது. குடல் செல்லைக் கொல்லாமல், அதன் உப்பு நீர்க் கதவை மட்டும் திறந்து விட்டுவிடுகிறது. உடம்பில் உள்ள நீரும் உப்பும் குடலுக்குள் கொட்டி வெளியேறுகின்றன. கன்று சாவது பெரும்பாலும் இந்த நீரிழப்பாலும் அதனால் இரத்தத்தில் ஏறும் அமிலத்தன்மையாலும்தான்.

இந்தப் பிடிமானம்தான் நோய்க்கு அடிப்படை என்பது முதலில் பன்றிக்குட்டிகளில் உறுதியானது. 1971இல் இங்கிலாந்தில் வில்லியம்ஸ் ஸ்மித், லிங்குட் என்ற இருவர், குட்டிகளுக்குக் கழிச்சல் தரும் ஈ.கோலியிலிருந்து 'கே88' என்ற இழையை உண்டாக்கும் மரபுப் பொருளை மட்டும் நீக்கிப் பார்த்தார்கள். நஞ்சு சுரக்கும் திறன் இருந்தும் கிருமியால் முன்போல நோயைத் தர முடியவில்லை. இழையைத் திருப்பிக் கொடுத்ததும் நோயும் திரும்பியது. அடுத்து 1975 வாக்கில் இன்னொரு செய்தி வெளியானது: சில பன்றிகளின் குடலில் கே88 பிடித்துக்கொள்ளும் இடமே பிறவியில் இல்லை, அவற்றுக்கு அந்தக் கழிச்சல் வருவதில்லை. இதில் ஒரு சிக்கலும் உண்டு. அப்படிப்பட்ட தாய்ப்பன்றியின் குடலில் கிருமி தங்காததால், அதன் சீம்பாலில் அந்த இழைக்கு எதிரான எதிர்ப்புச் சத்து குறைவாக இருக்கும். தகப்பன் வழியில் பிடிமான இடத்தோடு பிறக்கும் அதன் குட்டிகளே அதிகம் பாதிக்கப்படுகின்றன. தாய்க்கு வராத நோய் குட்டிக்கு வராது என்ற கணக்கு இங்கே பொய்த்துவிடுகிறது.

கன்றுக்கு இயற்கை வேறு விதமாக உதவுகிறது. கே99 பொருந்தும் இடங்கள் பிறந்த சில நாட்களில் குறையத் தொடங்குகின்றன. ஆகவே இந்தக் கிருமி முக்கியமாக முதல் நான்கு நாள் எதிரி. (ஒரு வாரத்துக்குப் பிறகு வரும் கழிச்சலுக்கு ரோட்டா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் போன்றவையும், எருமைக் கன்றுகளில் உருண்டைப் புழுவும் காரணமாகலாம். அவற்றுக்கு வைத்தியம் வேறு.) அந்த நான்கு நாளைக் கடத்திவிட்டால் இந்த ஆபத்து பெருமளவு நீங்கும். கடத்துவதற்கான பொருள் தாயின் மடியிலேயே இருக்கிறது.

மாட்டின் கருப்பை அமைப்பினால், நோய் எதிர்ப்புப் புரதங்கள் தாயின் இரத்தத்திலிருந்து சினைக் கன்றுக்குப் போவதில்லை. கன்று எதிர்ப்புச் சக்தி ஏறக்குறைய எதுவுமின்றியே தரையில் விழுகிறது. சீம்பாலில் அந்தப் புரதங்கள் நிறைந்துள்ளன. பிறந்த சில மணி நேரம் மட்டும் கன்றின் குடல் அவற்றை அப்படியே இரத்தத்துக்குள் விடும். நேரம் போகப்போக அந்த வழி அடைபட்டு, 24 மணி நேரத்தில் அநேகமாக மூடிக்கொள்ளும். எனவே கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர் சீம்பால் முதல் நாளில் போய்ச் சேர வேண்டும். அதில் பாதியையாவது முதல் 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்கும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. கொடி விழ 8 மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் கன்று இழப்பது ஏராளம். மேலும், கன்று முட்டிக் குடிக்கும்போதுதான் கருப்பை சுருங்கிக் கொடி விழுவதும் எளிதாகிறது.

பலர் கவனிக்காத இடம் இதற்குப் பிறகு வருகிறது. 24 மணி நேரம் ஆனதும் சீம்பாலுக்கு வேலை முடிந்துவிட்டது என்று கறந்து விற்பதும், திரட்டுப்பால் கிண்டி அக்கம்பக்கம் கொடுப்பதும் நடக்கிறது. இரத்தத்துக்குள் போகாவிட்டாலும் அந்தப் புரதங்கள் குடலுக்குள் உலவுகின்றன. கே99 இழைகளின் மேல் படிந்து மூடிவிடுகின்றன. மூடிய இழை குடல் சுவரில் பொருந்தாது. கிருமி ஓட்டத்தோடு போய்விடும். ஆகவே மூன்றாம், நான்காம் நாள் மடிப்பாலும் கன்றுக்கு மருந்துதான். கன்று குடித்து மீந்ததை வீட்டுக்கு எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

இதே தத்துவத்தில்தான் வெளிநாடுகளில் சினை மாட்டுக்கு ஈனுவதற்கு முந்தைய வாரங்களில் கே99 தடுப்பூசி போடுகிறார்கள். ஊசி தாய்க்கு, பலன் சீம்பால் வழியாகக் கன்றுக்கு. அடிக்கடி கன்றுகளை இழக்கும் பண்ணையாளர்கள் இது பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் முதல் சீம்பால் தாமதமானால் ஊசிக்குச் செலவழித்த பணம் வீண்.

கிருமி வாய்க்குள் போகும் வழி சாணம். மடி தேடும் கன்று, சாணம் ஒட்டிய தொடையையும் வாலையும் நக்கிவிட்டுத்தான் காம்புக்கு வருகிறது. ஈன்றதும் மடியையும் தொடையையும் வெந்நீரில் கழுவித் துடைப்பதும், உலர்ந்த வைக்கோல் பரப்பிய தனி இடத்தில் ஈன விடுவதும் போதும். பெரிய செலவு இல்லை.

மீறிக் கழிச்சல் வந்தால் பாலை நிறுத்தக் கூடாது. குடல் செல்கள் உயிரோடு இருப்பதால், சர்க்கரையும் உப்பும் சேர்ந்தால் நீரை மீண்டும் உறிஞ்சும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் எழுதியுள்ள அளவு நீரில் கரைத்து, இரு பால் வேளைகளுக்கு இடையே ஒரு லிட்டர் வீதம் நாளைக்கு மூன்று நான்கு முறை கொடுக்கலாம். எழுந்து நிற்க முடியாத, உறிஞ்சாத கன்றுக்கு வாயில் ஊற்றினால் புரையேறும். அதற்கு நரம்பில் ஏற்றும் மருந்துதான் வழி. உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். கையில் கிடைத்த ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துப் போடுவது இழந்த நீரை ஈடு செய்யாது.

தலைச்சன் கிடேரிகளின் சீம்பாலில் எதிர்ப்புச் சத்து குறைவாக இருக்கக்கூடும். சில சமயம் தாயே இறந்துவிடுகிறது, அல்லது மடிநோயால் கறக்க முடிவதில்லை. அதற்காகப் பல ஈத்து கண்ட, நோயற்ற மாட்டின் முதல் நாள் சீம்பாலில் மீதியை ஒரு லிட்டர் பாட்டிலில் நிரப்பி, தேதி எழுதி உறைபெட்டியில் வைத்துக்கொள்ளலாம். தேவைப்படும்போது கைபொறுக்கும் வெந்நீரில் பாட்டிலை மிதக்கவிட்டு உருக்க வேண்டும். அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் புரதம் திரிந்து, கன்றுக்குக் கிடைப்பது வெறும் பால்தான்.