கண் பார்க்கிறதா, மூளை பார்க்கிறதா?

இறைவன் நமக்களித்த ஐம்புலன்களுள் கண்ணே தலையாயது என்று சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். ஆனால் நாம் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை என்பதை, இவ்வாண்டு விஞ்ஞான வகுப்பில் செய்த ஓர் எளிய சோதனை எங்களுக்கு உணர்த்தியது. நீங்களும் அதைச் செய்து பார்க்கலாம்.

கோடு போட்ட தாள் ஒன்றில், ஒரே கோட்டின் மேல், இடப்பக்கம் ஒரு பெருக்கல் குறியும் அதற்கு 8 சென்டிமீட்டர் தள்ளி வலப்பக்கம் ஒரு சிறு கரும்புள்ளியும் இடுங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் பெருக்கல் குறியை மட்டும் உற்று நோக்கியவாறு தாளை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தொலைவில் புள்ளி மறைந்துவிடும்! அதனினும் பெரிய வியப்பு ஒன்று உண்டு. புள்ளி இருந்த இடத்தில் ஓட்டை ஏதும் தெரியாது; கோடு அறுபடாமல் ஓடுவதாகவே தோன்றும்.

விழித்திரையிலிருந்து பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் இல்லை. இந்தக் குருட்டுப் புள்ளியை 1660-களில் கண்டறிந்தவர் பிரான்சு நாட்டுக் குருவும் இயற்பியல் அறிஞருமான எட்மே மாரியட். கண் அனுப்பாத செய்தியை, அக்கம்பக்கத்தைக் கொண்டு மூளையே இட்டு நிரப்பிவிடுகிறது. நமக்கு நன்மையாக அமைந்த இத்திறமையே, கண் அழுத்த நோய் என்னும் கிளாக்கோமாவில் நமக்குப் பகையாகிறது.

அது எவ்வாறு? கண்ணின் முன்பகுதியில் ஒரு தெளிந்த நீர் இடைவிடாது சுரந்து, சல்லடை போன்ற ஒரு திசு வழியே வடிகிறது. வடிகால் அடைபட்டால் கண்ணுள் அழுத்தம் கூடும். பொதுவாக இவ்வழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். மிகுந்த அழுத்தம் பார்வை நரம்பின் இழைகளைச் சிறிது சிறிதாக அழிக்கிறது. சிலருக்கு அழுத்தம் இயல்பாக இருந்தும் இந்நோய் வருவதுண்டு.

பார்வை நரம்பில் சுமார் பத்து லட்சம் இழைகள் உள்ளன. இவை தலாமஸ் என்னும் மூளைப் பகுதிக்குச் செய்தியைக் கொண்டு செல்கின்றன. அங்கிருந்து அது பிடரிப் பக்கத்தில் உள்ள பார்வைப் புறணியை அடைகிறது. அங்கேதான் ஒளி, காட்சியாக உருப்பெறுகிறது. தந்திக் கம்பி அறுந்தால் தந்தி அலுவலகத்தில் வேலை நின்றுபோவது போல, இழைகள் அழிய அழிய மூளையின் அப்பகுதியும் ஓய்ந்துபோகிறது.

இது வெறும் ஊகமன்று. கண் அழுத்த நோயோடு வாழ்ந்து மறைந்த ஒருவரின் மூளையை ஆராய்ந்த கனடா நாட்டு டொரான்டோ அறிஞர்கள், தலாமஸில் நரம்புச் செல்கள் சுருங்கியிருந்ததையும் பார்வைப் புறணி மெலிந்திருந்ததையும் 2006-இல் வெளியிட்டார்கள். மூளையில் இரத்தத்தின் பிராணவாயு மாறுவதை வைத்து அதன் செயலைக் காட்டும் காந்தப் படமுறையைக் கொண்டு, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. பார்வை குறைந்த பகுதிக்கு நேரான மூளைப் பகுதியில் செயலும் குறைந்திருந்ததை அது காட்டியது.

ஆனாலும் நோயாளிக்கு இது தெரிவதில்லை. ஒரு கண் காணாததை மறு கண் காண்கிறது. எஞ்சியதை மூளை நிரப்புகிறது. லண்டனில் 50 நோயாளிகளிடம் பல படங்களைக் காட்டி, "உங்களுக்கு எப்படித் தெரிகிறது?" என்று வினவிய ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. கறுப்புத் திட்டுகள் உள்ள படத்தையோ, இருண்ட குழாய் வழியே பார்ப்பது போன்ற படத்தையோ ஒருவரும் தேர்ந்தெடுக்கவில்லை. மங்கல் என்றும், சில பொருள்கள் காணவில்லை என்றும் சொன்னவர்களே மிகுதி.

எங்கள் தோழி ஒருத்தியின் பாட்டி அடிக்கடி வாசல் நிலையில் இடித்துக்கொள்வார். பக்கத்தில் வைத்த காப்பித் தம்ளரைத் தட்டிவிடுவார். "பார்த்து நடக்கக் கூடாதா, பாட்டி?" என்று வீட்டார் கடிந்துகொள்வார்கள். பாட்டியோ, "எனக்கு எல்லாம் நன்றாகத்தானே தெரிகிறது!" என்பார். அவர் பொய் சொல்லவில்லை என்பது மருத்துவர் சோதித்த பிறகே விளங்கிற்று. இழந்த பார்வை திரும்பவில்லை. ஆனால் இந்நோய் குடும்ப வழியாகவும் வரும் என்று மருத்துவர் கூறவே, தோழியின் தந்தையும் சோதித்துக்கொண்டார். அவருக்கு நோய் தொடக்க நிலையிலேயே தெரிந்துவிட்டது. நாள் தவறாமல் அவர் சொட்டு மருந்து இடுகிறாரா என்று பார்த்து, நாட்காட்டியில் குறியிடுவது இப்போது எங்கள் தோழியின் பொறுப்பு.

அழிந்த நரம்பிழையை மீட்க இன்று மருந்தில்லை. எஞ்சியதைக் காக்க மருந்தும் லேசர் சிகிச்சையும் அறுவையும் உண்டு. ஆகவே 40 வயதைக் கடந்தவர்களும், பெற்றோர் அல்லது உடன்பிறந்தாருக்கு இந்நோய் உள்ளவர்களும், கண் அழுத்தத்தோடு பார்வை நரம்பையும் பார்வைப் பரப்பையும் சோதித்துக்கொள்ள வேண்டும். மருத்துவரைக் கேளாமல் கடையில் வாங்கி இடும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் கண் அழுத்தத்தைக் கூட்டக்கூடும்.

அன்புத் தோழியரே, நம் மூளை நிரப்பித் தருவதை நாம் முழுமை என்று நம்பிவிடுகிறோம். நம் வீட்டுப் பெரியவர்கள் தடுமாறும்போது கடிந்துகொள்ளாமல், அவர்கள் கைபிடித்துக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அதுவே நாம் அவர்களுக்குச் செய்யும் அன்புப் பணி.