பழைய காருக்குப் பங்காளி தேடுதல்

சென்னையை அடுத்த வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் உற்பத்தியாகிவந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை இன்றைக்கும் விடாமல் வைத்துக்கொண்டிருக்கும் ஒருவர், ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலுள்ள கடையொன்றில் ஏறி, "ஹெரால்டுக்கு முன்சக்கரச் சாமான் வேண்டும்" என்று கேட்பாரானால், கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அந்த வண்டியா? எங்க அப்பா காலத்துல வித்தது சார்" என்று சொல்லி அனுப்பிவிடுவதே பெரும்பாலும் நடக்கும். சாமான் உலகத்திலேயே இல்லை என்பது அந்தப் பதிலுக்கு அர்த்தமன்று. அந்தப் பெயரில் இல்லை என்பதே அர்த்தம். பழைய காரைக் காப்பாற்ற நினைப்பவர் முதலில் கைவிட வேண்டியது, தம் காரின் பெயரைச் சொல்லிச் சாமான் கேட்கும் பழக்கத்தைத்தான். அவர் விசாரித்து அறிய வேண்டியது, அந்தக் காருக்கு எங்கெங்கே பங்காளிகள் இருக்கிறார்கள் என்பதை.

ஹெரால்டின் வம்சாவளி சற்று விரிவானது. இங்கிலாந்தில் 1959-இல் டிரயம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த அதே கார்தான் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆயிற்று. அதன் 948 சி.சி. எஞ்சினுக்கு மூதாதை, ஸ்டாண்டர்டு எய்ட் என்ற சிறிய காரில் இருந்த 803 சி.சி. எஞ்சின். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான 76 மில்லிமீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, சிலிண்டரின் விட்டத்தை மட்டும் 58-லிருந்து 63-ஆகவும், பின்னர் 69.3-ஆகவும், அதற்கும் பிறகு 73.7-ஆகவும் விரித்துக்கொண்டே போன அந்த எஞ்சினியர்கள், இறுதியில் தூரத்தையும் கூட்டி 1,493 சி.சி. வரை கொண்டுவந்து, 1980 வரை உற்பத்தியான டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரில் பொருத்தினார்கள். அந்த ஸ்பிட்ஃபயரின் முன்பக்க சஸ்பென்ஷனும் ஹெரால்டிலிருந்து வந்ததே. ஸ்பிட்ஃபயரிடம் மோகங்கொண்டவர்கள் உலகெங்கும் இருப்பதால் அதற்கான சாமான்களை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். வண்டலூர் ஹெரால்டும் அந்தச் செல்வாக்கின் நிழலில் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் உறவு நெருங்கியது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடக் கூடாது. பிஸ்டன் பொருந்தாது என்பது வெளிப்படை. பிற்கால எஞ்சின்களில் கிராங்க் பேரிங்கின் பருமனையும் கூட்டிவிட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாத சங்கதி.

இரத்த சம்பந்தமில்லாத உறவும் உண்டு. எந்தக் கார்க் கம்பெனியும் தன் காரின் எல்லா அங்கங்களையும் தானே செய்ததில்லை. பிஸ்டனுக்கு ஒருவர், பிரேக்குக்கு ஒருவர், மின்சாதனங்களுக்கு ஒருவர் என்று தனித்தனி ஸ்தாபனங்கள் இருந்தன. சென்னையிலேயே 1949-இல் இந்தியா பிஸ்டன்ஸும், 1961-இல் லூகாஸ் டி.வி.எஸ்.ஸும், 1962-இல் பிரேக்ஸ் இந்தியாவும் தோன்றின. இத்தகைய ஸ்தாபனங்கள் ஒரே சாமானைப் பல கார்களுக்கும் லாரிகளுக்கும் டிராக்டர்களுக்கும் கொடுத்துவந்தபடியால், ஹெரால்டில் தேய்ந்துபோன ஒன்றின் சகோதரம் அம்பாசிடரிலோ டிராக்டரிலோ கண்ணுக்குத் தெரியாமல் குடியிருக்கக்கூடும். புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் மேஸ்திரிகள் இந்த ஞானத்தைப் புத்தகத்தில் படிக்கவில்லை. கையில் வாங்கி ஒருமுறை புரட்டிப் பார்த்தே இன்ன வண்டியின் சாமான் இதற்கு ஒத்துவரும் என்று சொல்லிவிடுகிறார்கள்.

பேரிங்குக்கு அந்த ஞானங்கூட அவசியமில்லை. அழுக்கைத் துடைத்துவிட்டு அதன் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்தால் போதும். 6205 என்றிருந்தால், கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்க, உள்விட்டம் 25 மில்லிமீட்டர் என்று தெரிந்துவிடும். வெளிவிட்டம் 52, அகலம் 15 என்பதும் உலகமெங்கும் ஒன்றுதான். தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கு வாங்கினாலும் காருக்கு வாங்கினாலும் அளவு மாறாது. எண்ணுக்குப் பின்னால் சி3 என்று இருந்தால் உள்ளே இடைவெளி சற்று அதிகம் என்பதையும் கவனித்து வாங்குவது நல்லது. போல்ட் விஷயத்தில் இந்தச் சௌகரியம் கிடையாது. அரை அங்குல போல்ட்டில் பழைய விட்வொர்த் முறையில் அங்குலத்துக்கு 12 மரை. யுனிஃபைடு பருமரையில் 13. ஒன்றை மற்றொன்றில் போட்டால் விரலால் சிறிது தூரம் அருமையாக ஏறிவிட்டுப் பிறகு இறுகும். "டைட்டாத்தான் இருக்கு" என்று ஸ்பானரைப் போட்டுத் திருகுகிறவர் இரண்டு மரையையும் நாசமாக்கிவிட்டுத்தான் ஓய்வார்.

மாற்றுச் சாமானில் எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு ஹெரால்டின் முன்சக்கரத்தில் உள்ள டிரன்னியனைவிட நல்ல உதாரணம் கிடையாது. முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டி, அதை ஒரு வெண்கலக் கட்டிக்குள் திருகி வைத்திருக்கிறார்கள்; ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் திரும்புகிறது. வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் மரை எதிரெதிர். இதற்குள் விட வேண்டியது கெட்டியான கியர் ஆயில் என்று காரைச் செய்தவர்களே சொல்லியிருக்க, நம் பட்டறைகளில் கிரீஸ் கன்னால் கிரீஸை ஏற்றிவிடுவது வழக்கமாயிற்று. கிரீஸ் மரையின் இடுக்குகளுக்குப் பரவாமல் நின்றுவிட, தண்ணீர் நுழைந்து எஃகு துருப்பிடித்து, ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் மடிந்துவிடும். லேத்துப் பட்டறையில் இந்தக் கட்டியை அச்சாகக் கடைந்து தந்துவிடுவார்கள். உலோகம் தகுந்த வெண்கலம்தானா, பழைய காயலான் கடைப் பித்தளையா என்பதைப் பார்வையால் மட்டும் சொல்ல முடியாது. கதவுக் கைப்பிடி எந்த உலோகமானாலும் யாருக்கும் ஆபத்தில்லை. உயிரைத் தாங்கும் இடத்துக்கு, இறக்குமதித் தீர்வை கட்டியாவது முறையான சாமானையே வரவழைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

எங்குமே கிடைக்காததைப் புதிதாக வார்த்துக்கொள்வதற்குக் கோயம்புத்தூர் வார்ப்படப் பட்டறைகள் இருக்கின்றன. தேய்ந்த பழைய சாமானையே மாதிரியாக மணலில் பதித்து வார்த்தால் புதியது சிறுத்துப் பிறக்கும். உருகிய இரும்பு ஆறும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்குவதால், அந்தச் சுருக்கத்தையும் தேய்மானத்தையும் கணக்கிட்டுப் பெரிதாக மாதிரி செய்ய வேண்டும். பிஸ்டனுக்கு வேறு யுக்தி: சிலிண்டருக்கு ஸ்லீவ் போட்டு, கிடைக்கிற பிஸ்டனின் விட்டத்துக்கு போர் செய்துவிடலாம். அப்போதும் பிஸ்டன் பின்னின் பருமனும், பின்னின் மையத்திலிருந்து பிஸ்டனின் உச்சி வரையுள்ள உயரமும் ஒத்திருக்க வேண்டும். உயரம் கூடினால் உச்சி போய் ஹெட்டில் முட்டும்.

ரப்பர்ச் சாமான்களுக்கு ஒரு வார்த்தை. இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் இருக்கிறது; அக்காலத்து ரப்பர்க் குழாய்க்கு அது ஒத்துக்கொள்ளாது. பெட்டி பிரிக்காத பழைய ஒரிஜினல் குழாய் கிடைத்துவிட்டதென்று பூரிப்பவரைவிட, எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாயைப் போடுகிறவரே புத்திசாலி.

ஓடுகிற பாகங்களுக்கு இப்படி எத்தனையோ உறவுகள் கிடைக்க, கண்ணுக்குத் தெரிகிற பாகங்கள்தாம் அநாதைகளாக நிற்கின்றன. நான்கு கதவுகள் வைத்த ஹெரால்டு இந்தியாவுக்கென்றே செய்யப்பட்டது. ஆங்கிலேயனுடைய சலூன் ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள். ஆகவே பின்கதவை ஸ்பிட்ஃபயரிடமும் கேட்க முடியாது, இங்கிலாந்திடமும் கேட்க முடியாது. துரு தின்ற கதவை டிங்கரிங் மேஸ்திரி தகடு தட்டி ஒட்டிவிடுவார். ஜன்னல் கண்ணாடி சூடேற்றிக் கடினமாக்கியதாக இருந்தால் பிறகு வெட்டி அளவு குறைக்க இயலாது, தொட்டால் தூளாகும். அதனால் பழைய கண்ணாடியின் அச்சைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டுபோய், வெட்டிய பிறகு கடினமாக்கித் தரச் சொல்ல வேண்டும். இந்தத் தொல்லைக்குப் பயந்தே சிலர், ஓடாத இன்னொரு ஹெரால்டை விலைக்கு வாங்கிக் கொட்டகையில் நிறுத்திவிடுகிறார்கள். வந்த இரண்டாவது வண்டியின் உடம்பு முதல் வண்டியைவிடத் திடமாக இருந்துவிட்டால், எதை ஓட்டுவது, எதை உரிப்பது என்ற விவகாரம் வீட்டில் ஆரம்பமாகிறது.