அயல்நாட்டு கமிஷன் திட்டம்: சேருமுன் அறிய வேண்டியவை



சிறுவாச்சூரில் இருந்தபடியே அமெரிக்க நிறுவனத்தில் கமிஷன் ஈட்டலாமா என்று நம் பிள்ளைகள் கேட்கின்றனர். ஈட்டலாம். நமது இணையதளத்திலோ யூடியூப் சேனலிலோ வைக்கும் லிங்க் வழியே ஒருவர் பொருள் வாங்கினால் நமக்குக் கமிஷன் கிடைக்கும். இதுவே அஃபிலியேட் மார்க்கெட்டிங்.

ஆனால் சிரமங்களும் உண்டு. அமேசானின் இந்தியத் திட்டம் வேறு, அமெரிக்கத் திட்டம் வேறு. தனித்தனியே சேர வேண்டும். அமெரிக்கத் திட்டத்தில் 180 நாட்களுக்குள் 3 விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கு மூடப்படும். நாமே வாங்கியது அதில் சேராது. அமெரிக்கர் அல்லாதோர் டபிள்யூ-8பென் என்னும் வரிப் படிவம் நிரப்ப வேண்டும். அதில் எழுதும் பெயர் பான் கார்டு, வங்கிக் கணக்குடன் ஒத்திருக்கட்டும். மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாட்கள் கழித்தே தொகை வரும். அதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். அந்த வருமானத்தை இங்கு வருமான வரிக் கணக்கிலும் காட்ட வேண்டும்.

முக்கியமாக, அமேசான் திட்டத்தில் சேரக் கட்டணம் கிடையாது. "முன்பணம் கட்டு, ஆள் சேர்த்தால் கமிஷன்" என்பவரிடம் வீட்டு நகையை அடகு வைத்துக் கட்டிவிடாதீர்கள். அத்தகைய பணச்சுழற்சித் திட்டங்களை 1978-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ளது. இணையத்தில் பணம் இழந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 எண்ணில் புகார் செய்யுங்கள்.