உஷார்! புரை ஏறுவதைத் தலையில் தட்டி விட்டுவிடாதீர்கள்

"ஏனப்பா, காத்தாலயே ஊத்திட்டு வந்துட்டியா?" திருப்பூரில் ஏதோ ஒரு பவர் டேபிள் தையல் கூடத்தின் வாசலில் இந்தக் கேள்வி விழாத நாள் இருக்காது. கேட்கிற சூப்பர்வைசர் சில சமயம் ஒரு எட்டு பக்கத்தில் போய் நின்று பார்க்க வேண்டும். வாடையே இருக்காது. ஆனால் அந்த டெய்லர் கால்களை அகட்டி வைத்து நடப்பார், திரும்பும்போது சுவரைப் பிடிப்பார். ஓவர்லாக் மெஷினில் கண்ணை மூடிக்கொண்டு நூல் கோத்தவருக்கு இப்போது ஊசிக்காது தப்பித் தப்பிப் போகும். பேச்சும் குழறும். இதற்கு அட்டாக்ஸியா என்று பெயர். அசைவுகளை அளந்து ஒழுங்குபடுத்தும் சிறுமூளையோ, அதனுடன் இணைந்த நரம்புப் பாதைகளோ பழுதாவதால் வரும் தடுமாற்றம். கை கால்களில் பலம் இருக்கும், அளவுதான் தவறும்.

முதல் எச்சரிக்கை நேரத்தைப் பற்றியது. நேற்றுவரை நன்றாக நடந்தவர் இன்று திடீரென்று நிற்க முடியாமல் சாய்கிறார், தலை சுற்றுகிறது, வாந்தி எடுக்கிறார் என்றால் "பித்தம்", "வாயு" என்று சோடா வாங்கிக் கொடுக்காதீர்கள். அது சிறுமூளையில் வந்த பக்கவாதமாக இருக்கலாம். முகம் கோணவில்லை, கை விழவில்லை, அதனால் பக்கவாதம் இல்லை என்று வீட்டார் ஏமாறுவது இந்த வகையில்தான். ஆரம்ப மணி நேரங்களில் சி.டி. ஸ்கேன்கூட இதைத் தவறவிடுவதுண்டு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வருவது வேறு கதை. அங்கே ஆபத்து அவசரத்தில் இல்லை, அலட்சியத்தில் இருக்கிறது. "நரம்புத் தளர்ச்சி" என்று ஒரு வார்த்தையைச் சொல்லி சத்து ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். ஆனால் சரிசெய்யக்கூடிய, குறைந்தது நிறுத்திவைக்கக்கூடிய காரணங்கள் பல உண்டு: பி12 குறைவு, தைராய்டு குறைவு, வலிப்புக்குச் சாப்பிடும் பெனிடாயின் மாத்திரை ரத்தத்தில் கூடிப்போவது, நீண்ட நாள் குடி, மூளைக்கட்டி. பிறவியிலேயே வைட்டமின் இ உடம்பில் தங்காத ஒரு வகையும் உண்டு. பார்வைக்கு அது, பரம்பரையாக வரும் ஃப்ரீட்ரிக் அட்டாக்ஸியா போலவே இருக்கும். ஆனால் ஒரு ரத்தப் பரிசோதனையில் பிடிபடும், வைட்டமின் இ மாத்திரையில் கட்டுக்குள் நிற்கும். அதைப் பார்க்காமல் விட்டுப் பிள்ளையைச் சக்கர நாற்காலிக்கு அனுப்புவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இன்னொன்று: டாக்டரிடம் செய்யும் வேலையைச் சொல்லுங்கள். கறை எடுக்கும் ரசாயனம், பிரிண்டிங் கரைப்பான் வாடைக்கு நடுவே காலம் தள்ளுகிறவர் அதை மறைக்கக் கூடாது. டொலுவீன் போன்ற கரைப்பான்களை அதிக அளவில் நெடுநாள் சுவாசித்தால் சிறுமூளை பாதிக்கும். பெனிடாயின்மேல் சந்தேகம் வந்தாலும், வலிப்பு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். நம் ஊரில் சாப்பிடும்போது புரை ஏறினால் தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்போம். அட்டாக்ஸியா உள்ளவருக்கு அடிக்கடி புரை ஏறுகிறது என்றால் அது அபாய மணி. தொண்டைத் தசைகளின் ஒருங்கிணைப்பும் தவறுகிறது. தண்ணீரும் சோற்றுப் பருக்கையும் உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்குகின்றன. சிலருக்கு இருமல்கூட வராமல் சத்தமின்றி இறங்கும். அடிக்கடி சளி, காய்ச்சல், தண்ணீர் குடித்த பிறகு குரல் கரகரப்பது, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவைதான் தடயம். நோய் முற்றியவர்களின் உயிரைப் பல நேரம் பறிப்பது இப்படி வரும் நிமோனியாதான். நரம்பு டாக்டரின் பத்து நிமிட ஓ.பி.யில் இதைப் பற்றிக் கேட்க நேரமிருக்காது, நோயாளியும் சொல்லமாட்டார். விழுங்குவதைச் சோதித்துப் பயிற்சி தருபவர் பேச்சுப் பயிற்சியாளர். எந்தப் பதத்தில் சாப்பிடுவது, தலையை எப்படி வைத்து விழுங்குவது என்று ஆளுக்கு ஆள் பார்த்துச் சொல்வார். அதுவரை படுத்தபடி ஊட்டாதீர்கள், வேகமாக மடக் மடக்கென்று தண்ணீர் கொடுக்காதீர்கள்.

ஒரே டாக்டரிடம் விட்டுவிட முடியாத நோய் இது என்பதற்கு இந்தப் புரை ஏறுதலே சாட்சி. ஃப்ரீட்ரிக் வகை பெரும்பாலும் பள்ளி வயதில் தொடங்கும், இதயத் தசையைப் பாதிக்கும், சர்க்கரை நோயைக் கொண்டுவரும், முதுகெலும்பை வளைக்கும். நடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இதயம் கைவிட்டுவிடும். இதற்காகத்தான் பிரிட்டனில் லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, ஷெஃபீல்டு நகரங்களில் தனி அட்டாக்ஸியா மையங்கள் இயங்குகின்றன. நரம்பியல், மரபியல், பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, இதயம், கண் என்று பலரும் ஒரே நோயாளியைச் சேர்ந்து பார்க்கிறார்கள். நம் நாட்டில் டெல்லி எய்ம்ஸில் அட்டாக்ஸியா கிளினிக் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸும் வேலூர் சி.எம்.சி.யும் நமக்கு எட்டும் தூரத்தில் உள்ள பெரிய இடங்கள்.

அவிநாசி ரோட்டில் இப்படி ஒரு கூட்டு கிளினிக் முளைக்கும் என்று காத்திருக்க வேண்டாம். வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்து ஒரு ஃபைல் போடுங்கள். வருடம் ஒருமுறை பெரிய ஆஸ்பத்திரி. மற்ற நாட்களுக்குத் திருப்பூர் அல்லது கோவை அரசு மருத்துவக் கல்லூரியில் பிசியோதெரபி, வகைக்கேற்ப எக்கோ, சர்க்கரை, கண் பரிசோதனை. 'சாரா' என்று எட்டு அம்சங்கள், 40 மதிப்பெண் கொண்ட ஓர் அளவுகோல் இருக்கிறது, கூடக்கூட மோசம். ஒவ்வொரு முறையும் அதைக் குறித்துத் தரச்சொல்லிக் கேளுங்கள். பயிற்சி வீண் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜப்பானில் 42 நோயாளிகளுக்கு நான்கு வாரம் தீவிரப் பயிற்சி கொடுத்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. தடுமாற்றம் குறைந்தது, நடை முன்னேறியது, பயிற்சியை விட்டபின் பலன் மெல்லத் தேய்ந்தது. அதாவது விடாமல் செய்ய வேண்டும். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு எங்கே பயிற்சி என்பது நியாயமான கேள்விதான். இ.எஸ்.ஐ. இருந்தால், சந்தா நிபந்தனை நிறைவேறியிருந்தால், வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீத ஊதியத்தோடு நோய் விடுப்பு உண்டு. பீஸ் ரேட்டில், கான்ட்ராக்டில் வேலை செய்கிறவர்கள் தங்களுக்கு இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். கட்டிங் மெஷின், சாயப்பட்டறை ஈரத்தரை, பாய்லர் பக்கம் அட்டாக்ஸியா உள்ளவர்களை நிறுத்தாதீர்கள் என்று முதலாளிகளிடமும் சொல்லியாக வேண்டும்.

குடும்பத்தில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இதே நடை இருந்ததா? எஸ்.சி.ஏ.1 என்ற பரம்பரை வகை ஒரு தமிழ்ச் சமூகத்தில் மிக அதிகமாக இருப்பதாக 2005-ல் 'நியூராலஜி இந்தியா' இதழ் வெளியிட்டது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு, அடுத்த தலைமுறையில் இன்னும் இள வயதிலேயே தொடங்கலாம். சொந்தத்தில் கட்டாவிட்டாலும் இது வரும். சொந்தத்தில் கட்டுவதால் கூடுவது ஃப்ரீட்ரிக், வைட்டமின் இ தங்காத வகை போன்றவை. அறிகுறி இல்லாத சிறு பிள்ளைகளுக்கு ஜீன் டெஸ்ட் எடுக்க அவசரப்படாதீர்கள். பெரியவர்களும் மரபியல் ஆலோசனைக்குப் பிறகே எடுக்க வேண்டும்.

கடைசியாக, வாட்ஸப்பில் வரும் "ஸ்டெம் செல் ஊசி, மூன்றே மாதத்தில் நடை". பரம்பரை அட்டாக்ஸியாவை முழுதாக நீக்கும் மருந்து இன்றைக்கு இல்லை. அமெரிக்கா 2023 பிப்ரவரியில் அனுமதித்த ஓமாவெலாக்ஸோலோன்கூட 16 வயதும் அதற்கு மேலும் ஆன ஃப்ரீட்ரிக் நோயாளிகளுக்கு மட்டும், அதுவும் நோயின் வேகத்தைத் தணிக்கத்தான். ஐ.சி.எம்.ஆர். 2017 நெறிமுறைப்படி, ரத்த நோய்களுக்கான மாற்று சிகிச்சை போன்ற அங்கீகரிக்கப்பட்டவை தவிர, ஸ்டெம் செல்லை முறையான ஆய்வுக்கு வெளியே கொடுக்கக் கூடாது. முறையான ஆய்வில் சேர்கிற நோயாளியிடம் அந்த சிகிச்சைக்குக் காசு வாங்கமாட்டார்கள். சீட்டுப் பணத்தை எடுத்து, நகையை அடகு வைத்துக் கட்டச்சொல்கிற இடம் எப்படிப்பட்டதென்று இதிலிருந்தே தெரியும். 1954-ம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் மூளை நோய்கள், நரம்பு மண்டலக் கோளாறுகளுடன் 'லோக்கோமோட்டர் அட்டாக்ஸியா'வும் இருக்கிறது. குணமாக்குகிறோம் என்று விளம்பரம் செய்வதே குற்றம். பணம் கட்டுவதற்கு முன் அந்த விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, போன் நம்பரோடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆய்வாளரிடம் புகார் கொடுங்கள்.