தோள் நோவும் தூண்டில் வீச்சும்

நுவரெலியாப் பகுதியின் குளிர்ந்த ஓடைகளில் வாழும் ட்ரவுட் மீன் இம்மண்ணுக்கு உரியதன்று. பழுப்பு நிற ட்ரவுட் 1882இல் இங்கு கொணரப்பட்டது. பின்னர் வந்த வானவில் ட்ரவுட்டே ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் தானாக இனம்பெருக்கி நிலைகொண்டது. 1896இல் இலங்கை மீன்பிடிக் கழகம் தோன்றிற்று. துரைமாரின் பொழுதுபோக்காக இருந்த இக்கலை, தோட்ட உத்தியோகத்தரிலும் ஆசிரியரிலும் ஒருசிலரைப் பற்றிக்கொண்டது.

இதில் எறியப்படுவது புழுவன்று. இறகும் பட்டு நூலும் கொண்டு கட்டிய பொய் ஈ. அதற்கு எடை இல்லையென்றே சொல்லலாம். ஈயக்குண்டு கட்டிய தூண்டிலில் குண்டு நூலை இழுத்துச் செல்லும். இங்கோ கனத்த நூல்தான் ஈயைச் சுமந்து செல்கிறது. அந்நூலுக்கு விசை தருவது வளைந்து நிமிரும் கோல். தோள் அன்று.

எனினும் பெரும்பாலோர் தோளாலேயே வீசுகின்றனர். கையைத் தலைக்குமேல் உயர்த்தி, நூலை முன்னும் பின்னுமாகப் பலமுறை ஆட்டி எறிகின்றனர். தோள்மூட்டைச் சுற்றி நான்கு தசைகளின் நாண்கள் உள்ளன. கை உயரும்போது அவற்றுள் மேலுள்ள நாண் எலும்புகளுக்கிடையே நெரிபடுகிறது. கரும்பலகையின் உச்சியில் எழுதும் ஆசிரியர் எவரும் இதனை அறிவர். நானறிந்த ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்தர் ஒருவர், நாண் கிழிந்ததென்று வைத்தியர் கூறியதும் கோலை மருமகனுக்குக் கொடுத்துவிட எண்ணினார். முப்பது ஆண்டுப் பழக்கத்தை அவ்வளவு எளிதில் விடவேண்டுமா?

வேண்டியதில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ளுதலே முதற்படி. விலாவுக்கும் முழங்கைக்கும் இடையே ஒரு கைக்குட்டையைச் செருகி, அது விழாமல் வீசிப் பழகலாம். அப்போது முன்கை மட்டுமே அசையும். கோலைத் தலைக்குமேல் கொண்டுபோகாது, நீருக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் வீசுவது இரண்டாவது வழி. தாழ்ந்த கோலை மீனும் எளிதிற் காணாது. சமவெளியின் காற்றும் அதிகம் அலைக்காது.

இவற்றினும் மேலானது உருட்டு வீச்சு. நீர்மேற் கிடக்கும் நூலை மெதுவாகத் தம்மை நோக்கி இழுத்து, கோலைச் சற்றே பின்சாய்த்து நிறுத்தவேண்டும். நூல் கோலின் பின்னே அரைவட்டமாகத் தொங்கும்; அதன் நுனி நீரிலேயே படிந்திருக்கும். உடனே முன்கையால் கோலை முன்னே செலுத்தி, வெடுக்கென நிறுத்தினால், நூல் சக்கரம்போல் உருண்டு விரியும். நீர் நூலைப் பற்றியிருப்பதாலேயே கோல் வளைகிறது. பின்னால் எறிவதே இல்லையாதலின், ஓடைக்கரைப் புதர்களிலும் ஈ சிக்காது. ஸ்கொத்லாந்தின் ஸ்பே ஆற்றங்கரையிலும் பின்னே இடமில்லாத நெருக்கடியிலேதான் இவ்வகை வீச்சு வளர்ந்தது. அங்கு நீண்ட கோலை இரு கையாலும் பிடிப்பர். மேற்கை அச்சாக நிற்க, கீழ்க்கை அடியை இழுக்கும். நம் சிறு ஓடைகளுக்கு அத்துணை நீளம் தேவையில்லை. எனினும் மற்றக் கையால் கோலின் அடியைத் தாங்கிக்கொள்வதில் வெட்கமென்ன?

கோல் இலேசானதாகவும், நூல் அக்கோலுக்குரியதினும் ஒருபடி கனத்ததாகவும் இருப்பின், குறைந்த நூலிலேயே கோல் வளையும். இருபது முப்பது அடிக்குமேல் எறிய ஆசைப்படவேண்டாம். ஓடையில் மீன் அதற்குள்ளேயே நிற்கும்.

புதிதாகப் பட்ட காயமாயின், அல்லது கை மரத்துப்போயின், வைத்தியர் அனுமதிக்கும்வரை கோலைத் தொடலாகாது. மற்றோர் அனுமதியும் உண்டு: ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. எங்கு மீன்பிடிக்கலாம் என்பதை உரிய அதிகாரிகளிடம் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

உருட்டு வீச்சைப் புல்வெளியிற் பழக முயல்வோர் ஏமாறுவர்; புல் நீரைப்போல் நூலைப் பற்றாது. குளத்தோரம் சென்று, முள்ளை நீக்கி ஒரு கம்பளித் துணுக்கைக் கட்டிக்கொண்டு, நாளுக்குப் பத்து நிமிடம் பழகினாற் போதும். நோவு தோன்றுமுன்பே நிறுத்திவிடுக.